மூணு பேருக்கு ஆகுமா?

ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜ்களையெல்லாம் அளவோடு குளிர வைக்கிற மெக்கானிக், தன் வீட்டு ஃபிரிட்ஜை மட்டும் அளவு மீறிக் குளிர வைத்துவிட்டார். அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு வெள்ளரிக்காய்.

சனிக்கிழமை காலை. மெக்கானிக்கின் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து வெட்டுப்பலகையில் வைத்தாள். 'டொக்' என்றது. வெள்ளரிக்காய்க்கு அப்படியெல்லாம் குரல் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கத்தியை வைத்து அழுத்தினாள். கத்தி வழுக்கிக்கொண்டு பலகைக்கு வெளியே ஓடியது. கீரைக்கட்டைத் தொட்டாள், சருகு மாதிரி நொறுங்கியது. தயிர் டப்பாவைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். தயிர் இம்மியும் அசையவில்லை.

"என்னங்க, கொஞ்சம் இங்க வர்றீங்களா?"

அவள் 'கொஞ்சம்' என்று இவ்வளவு மென்மையாகச் சொன்னால் விவகாரம் கொஞ்சமில்லை என்று அர்த்தம். இத்தனை வருட இல்லறத்தில் மெக்கானிக் சந்தேகமறக் கற்றுக்கொண்ட பாடங்களில் அது ஒன்று. வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

"என்ன இது?"

பிரஷ்ஷை எடுத்தார். "கூலிங் லேசா தூக்கலா ஆயிருக்கு."

"லேசா? இந்த வெள்ளரிக்காயை வச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்."

"கொஞ்ச நேரம் வெளிய வச்சா சரியாயிடும்."

"நீங்க கைய வச்சீங்களா இதுல?"

மெக்கானிக் மறுபடியும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டார். வாய் நிறைய நுரை இருக்கிறவனை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பது அவர் கணிப்பு. அவள் நுரை தீரும்வரை காத்திருந்தாள்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் ஒருவர் போனில் அலறினார். கடை ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, உள்ளே ஊசி மருந்துகள், விடிவதற்குள் எல்லாம் பாழாகிவிடும். போய்ப் பார்த்தால் தெர்மோஸ்டாட் போயிருந்தது. ஃபிரிட்ஜுக்குள் போதுமான குளிர் வந்ததும் மோட்டாரிடம் 'போதும், நிறுத்து' என்று சொல்வதுதான் அந்தச் சின்னப் பொருளின் ஒரே வேலை. ஸ்பேர் கடையெல்லாம் மூடியாகிவிட்டது. மெக்கானிக்குக்குத் தெரிந்து அந்த நேரத்தில் கைக்கெட்டும் ஒரே நல்ல தெர்மோஸ்டாட், அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தார், கழற்றினார், அந்த இடத்தில் இரண்டு வயரை நேராக முறுக்கி டேப் சுற்றினார். நாளைக்குப் புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டால் போயிற்று. மருந்துக்கடைக்காரர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மனுஷனே இல்லீங்க, தெய்வம்" என்றார். தெய்வம் மிதப்போடு வீட்டுக்கு வந்து படுத்தது. மறுநாள் வேறு பக்தர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். 'போதும்' சொல்ல நாதியில்லாத மோட்டார் பாட்டுக்கு ராப்பகலாக ஓடிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கடைக்காரர் வீட்டுல ஃபிரிட்ஜ் இல்லாமயா இருந்துச்சு? அதுலேருந்து கழட்டறதுக்கென்ன?"

உலகத்தில் இவ்வளவு எளிய யோசனை ஒன்று இருப்பது அப்போதுதான் மெக்கானிக்குக்குத் தெரிந்தது.

வெளியே வைத்தால் சரியாகிவிடும் என்ற அவருடைய நம்பிக்கை பத்து மணிக்கெல்லாம் உருக ஆரம்பித்தது. உறைந்த காய் உருகினால் பழைய காயாகத் திரும்பி வராது என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளர்களுக்கு அவரே விரல் நீட்டிச் சொல்கிற விஷயம். வெள்ளரிக்காய் ஈரத்துணி மாதிரி துவண்டது. கீரை கரும்பச்சைச் சேறானது. சாலட் இலைகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவகாடோ இரண்டும் கறுத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தன.

மகள் எழுந்து வந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். எதற்கும் இரண்டு பக்கமும் வாதாடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மேஜையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"அப்பா, மேல்தட்டு மொத்தமும் காலி போலிருக்கே. இதுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தலாமா?"

"வாயை மூடிட்டுப் போய்க் குளி" என்றாள் அம்மா.

மேல்தட்டு என்றால் அந்த வீட்டில் மெக்கானிக்கின் தட்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் ரத்தத்தில் சர்க்கரை எக்குத்தப்பாக ஏறிப்போய், ஆஸ்பத்திரியில் அவரை உட்கார வைத்து மிரட்டி, மாத்திரையோடு ஒரு உணவுச் சார்ட்டையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வழவழவென்ற தாளில் கலர் கலராகப் பழங்கள். காலையில் பாதாமும் பெர்ரியும், மதியம் சாலட் இலையும் ப்ராக்கோலியும், இரவு ஆலிவ் எண்ணெயில் புரட்டிய மீன். மெக்கானிக் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து மறந்துவிடுவதாக இருந்தார். மனைவி அதைப் பிரித்து, நீவி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

அவள் ஒரு தையல் ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். சட்டையின் மற்ற பாகமெல்லாம் வேறு யாரோ தைப்பார்கள். அவளுக்குக் காலர் மட்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் கூடுதலாக உட்கார்ந்து தைத்து, அந்தப் பணத்தை அப்படியே மேல்தட்டில் கொண்டுபோய் வைப்பாள். அதனால் மேஜைமேல் துவண்டு கிடந்தது வெறும் காய்கறியில்லை, இரண்டு சாயங்காலக் காலர்கள். மெக்கானிக் அன்றைக்கு வந்த வேலைகளில் இரண்டைத் தள்ளிப்போட்டு, புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிக்கொண்டு, நடுப்பகலிலேயே வீடு திரும்பினார்.

இதுதான் அவர் செய்த அடுத்த தவறு. அல்லது அவர் செய்த ஒரே நல்ல காரியம்.

வழக்கமாக அவர் வீட்டுக்கு வரும்போது மனைவியும் மகளும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அவருக்கானது தட்டு போட்டு மூடியிருக்கும். மூடியைத் திறந்தால் சார்ட்டில் இருக்கிற படம் அப்படியே உள்ளே இருக்கும். வீட்டில் எல்லோரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. அவர் அதைப்பற்றி நினைக்கவேயில்லை.

தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. உருகிப்போன எல்லாவற்றையும் கொட்டிக் கொதிக்கவைத்து, பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறத்தில் சூப். மகளின் தட்டிலும் மனைவியின் தட்டிலும் குவியலாக வெள்ளைச் சோறு. பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. பாட்டிலில் தக்காளி சாஸ்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு இதையா சாப்பிடறீங்க?"

"இன்னைக்குன்னு இல்லப்பா" என்றாள் வக்கீல். "கீழ்த்தட்டு மெனு என்னைக்கும் இதுதான். உருளைக்கிழங்கு தீர்ந்துட்டா நூடுல்ஸ். நூடுல்ஸ் தீர்ந்துட்டா ரொட்டியும் டீயும். எல்லாமே வெள்ளை. கண்ணுக்கு உறுத்தாது."

"எங்களுக்கு இதுதான் பிடிக்கும்" என்றாள் மனைவி.

"மூணு மாசமாவா?"

"சூப் ஆறிடும், குடிங்க."

மெக்கானிக் குடித்தார். மேல்தட்டு முழுவதும் ஒரே கிண்ணத்தில் இறங்கியிருந்ததால் எது எதன் ருசி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாதாம் ஒன்று பல்லில் பட்டது.

வக்கீல் பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "போன வாரம் காலேஜ்ல ரத்ததான முகாம் நடந்துச்சுப்பா. நானும் போய்ப் பெருமையா வரிசையில நின்னேன். விரல்ல குத்திப் பாத்துட்டு அந்த நர்ஸ் சொல்றாங்க, 'நீ குடுக்கறது இருக்கட்டும் பாப்பா, உனக்கே யாராவது குடுக்கணும் போலிருக்கு'ன்னு. ரத்தம் ரொம்பக் கம்மியாம். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில குடுக்கற ஜூஸ்கூடக் கிடைக்கல."

சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தாள்.

மெக்கானிக்கின் ஸ்பூன் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவழியில் நின்றுவிட்டது. மகளின் கீழ் இமையைப் பார்த்தார். வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறி வந்தால் அவள் கதவில் கைவைத்து ஒரு நொடி நிற்பதை அவர் பலதடவை பார்த்திருக்கிறார். போனில் ஏதோ பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"உனக்கு இது தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வெயில்ல நின்னிருப்பா."

"வெயிலுக்கும் ரத்தத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள் வக்கீல்.

"இப்ப என்ன, முதல்ல உங்க சர்க்கரை எறங்கட்டும். அப்புறம் எல்லாம் பாத்துக்கலாம்."

"எல்லாரும் ஒரே சட்டியில சமைச்சுச் சாப்பிட முடியாதா? நான் கேக்கறது அவ்வளவுதான். மூணு பேருக்கு ஆகுமா, ஆகாதா?"

"உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாடி?" என்று மனைவி மகளைக் கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அவளிடமிருந்து பதில் வாங்க எவனாலும் ஆகாது. மெக்கானிக் கிண்ணத்தைக் காலி செய்தார். அவருடைய சர்க்கரை ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதே மூன்று மாதத்தில், அதே வீட்டில், மகளின் ரத்தமும் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் யார் முதுகிலும் தட்டவில்லை.

அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு காய்க்கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். மூன்று மாதமாக அவருடைய அவகாடோக்களை மதித்து வாங்குகிற ஒரே குடும்பம்.

"வாங்க வாங்க. அம்மா வரலியா?"

"இல்ல. ஒரு விஷயம் கேக்கணும். எனக்கு வாங்கற சாமானையே வீட்டுல மூணு பேருக்கும் வாங்கினா வாரத்துக்கு என்ன ஆகும்?"

"உங்களுக்கு இல்லாததா? பாத்துப் போட்டுத் தர்றேன்."

"பாத்துத்தான் போடுவீங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க."

"நல்ல சாப்பாட்டுக்கு விலை பாக்கக் கூடாதுங்க. குடும்பம்தானே எல்லாம்?"

"குடும்பத்துக்குத்தான் கேக்கறேன்."

கடைக்காரர் பேச்சை விட்டுவிட்டு நிறுக்க ஆரம்பித்தார். ப்ராக்கோலி, பெர்ரி, சாலட் இலை, அவகாடோ என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கியது. கடைசியில் ஒரு தொகையைச் சொன்னார். மெக்கானிக் அதை மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தார். வீட்டு வாடகையை விட்டுவிட்டு எல்லோரும் ப்ராக்கோலிக்கு அடியில் குடியிருந்தால் கட்டுபடியாகும். "சில்லறை எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஒரு மனிதன் எவ்வளவு சில்லறை எடுத்து வந்தாலும் தீராத தொகை அது என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்தார். டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உடம்புதாங்க முக்கியம். பணம் இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும்" என்றார். வருவதும் போவதும் ஒரே அறையில் நடப்பதால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டு விஷயத்துக்கு டயட் மேடத்தைப் பார்க்கச் சொன்னார்.

டயட் மேடத்தின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நுழைய உயரமானவர்கள் தலையைக் குனிய வேண்டும்; மெக்கானிக் தொழில்முறையாகவே குனிகிறவர், அதனால் சிரமம் இருக்கவில்லை. முப்பது வயது இருக்கும் மேடத்துக்கு. சுவரில் ஒரு பெரிய படம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு பழக்கூடை. நான்கு பேரும் கூடையைப் பார்த்து எதற்கோ வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விலை தெரியாத குடும்பம் போலிருக்கிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் சூப்பரா இருக்கே சார்! சார்ட்டை நல்லா ஃபாலோ பண்றீங்க."

"என் வீட்டம்மா பண்றாங்க. நான் மெல்லறதோட சரி. மேடம், இதே மாதிரி வீட்டுல மூணு பேரும் சாப்பிடணும்னா ஆகுமா?"

"கண்டிப்பா சார். ஆரோக்கியமான உணவு எல்லாருக்குமே நல்லது."

"நல்லதான்னு கேக்கல மேடம். ஆகுமான்னு கேட்டேன்."

"சீசன் காய்கறிகளா சேர்த்துக்கலாம் சார். தட்டு எப்பவும் வண்ணமயமா இருக்கணும்."

"என் தட்டு வண்ணமாத்தான் இருக்கு. மத்த ரெண்டு தட்டும் வெள்ளையா இருக்கு. என் பொண்ணுக்கு ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க."

மேடம் பேனாவைக் கையில் உருட்டினார். "ஒவ்வொருத்தரோட தேவையும் வேற வேற சார். அவங்களுக்குத் தனியா அப்பாயின்ட்மென்ட் போட்டு..." அடுத்து ஏதோ ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகக் கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஃபிரிட்ஜ் மெக்கானிக்."

பேனா நின்றது. மெக்கானிக்குக்குப் பழக்கமான காட்சிதான். தொழிலைச் சொன்ன மறுநொடி எந்த ஊர், எந்த வயது, எந்தப் பதவியானாலும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரே மாதிரி வெளிச்சம் வரும். போலீஸ்காரர் ஒருவர் அபராதச் சீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஐஸ் டிரேயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல கீழ தண்ணியா ஒழுகுது. உள்ள கூலிங்கே இல்ல. ஒருத்தர் வந்து பாத்துட்டு, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"எந்த வீடு, சொல்லுங்க."

மறுநாள் சாயங்காலம் போனார். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. மேடம் கதவைத் திறந்தபோது ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டோடு அந்த உற்சாகக் குரலையும் கழற்றி மாட்டியிருந்தார். 'சார்' போய் 'அண்ணா' வந்திருந்தது.

"வாங்கண்ணா. இடம்தான் கொஞ்சம் இடிக்கும்."

இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட அனுமதி கேட்க வேண்டிய சமையலறை. உள் அறையில் டிவி ஓடியது. அதைத் தாண்டி ஒரு வயதானவரின் இருமல் கேட்டது. ஃபிரிட்ஜ் கதவு மூடி நிற்பதற்காகக் குறுக்கே ஒரு எலாஸ்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே பாதி நோய் தெரிந்துவிட்டது. கதவு ரப்பர் கிழிந்திருந்தது; வெளிக்காற்று உள்ளே போய், பின்பக்கம் ஐஸ் கட்டி, காற்று வருகிற வழி அடைத்துக்கொண்டிருந்தது.

"தூக்கிப் போட வேண்டியதில்ல மேடம். ரப்பர் மாத்தினா ஓடும். உள்ள இருக்கறதை எடுத்து வெளிய வைக்கணும்."

மேடம் ஒரு நொடி தயங்கினார். "நானே எடுத்துடறேன்" என்றார். அதற்குள் மெக்கானிக் முழங்காலிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

ஃபிரிட்ஜ் வேலைக்காரனுக்கு ஒரு மரியாதை உண்டு. உள்ளே எதைப் பார்த்தாலும் பார்க்காதவனாக இருக்க வேண்டும். பணக்கார வீட்டு ஃபிரிட்ஜில் வெறும் தண்ணீர் பாட்டிலையும், சாமியார் மாதிரி பேசுகிறவர் ஃபிரிட்ஜில் வேறு பாட்டிலையும் அவர் பார்த்திருக்கிறார். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கீழ்த்தட்டில் பாதி ரொட்டிப் பாக்கெட். ஒரு பாத்திரத்தில் முந்தின நாள் நூடுல்ஸ், ஒட்டிக்கொண்டு கட்டியாக. எங்கேயோ வாங்கிய சாஸ் பொட்டலங்கள் ஒரு கிண்ணம் நிறைய. மேல்தட்டில் மட்டும் துடைத்து வைத்தது மாதிரி சுத்தம். மூடி போட்ட டப்பாவில் நறுக்கிய பழம், வேகவைத்த ப்ராக்கோலி, ஒரு கோப்பைத் தயிர், மெல்லிய தாளில் சுற்றிய ஒரே ஒரு அவகாடோ.

மெக்கானிக் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். ரொட்டியை ரொட்டி என்றும் பழத்தைப் பழம் என்றும் கூடப் பார்க்காத முகத்தோடு வைத்தார்.

"மேல இருக்கறது அப்பாவுக்கு" என்றார் மேடம். யாரும் கேட்காமலே. "ஹார்ட், சுகர் ரெண்டும் இருக்கு. கீழ இருக்கறது எனக்கும் தம்பிக்கும்."

"ம்."

"ஆஸ்பத்திரியில நான் கான்ட்ராக்ட்லதான் இருக்கேன்."

"ஸ்க்ரூடிரைவரை அந்தப் பையிலேருந்து எடுங்க மேடம். சின்னது. இல்ல, மஞ்சப் பிடி போட்டது."

மேடம் எடுத்துக் கொடுத்தார். பழைய ரப்பர் உரிந்து வந்தது. மெக்கானிக் பையில் சுருட்டி வைத்திருந்த புது ரப்பரைக் கதவின் விளிம்பில் வைத்து ஒவ்வொரு மூலையாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பேசினார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அவருக்கு எளிது. இருபது வருடமாக ஃபிரிட்ஜைப் பார்த்தே பேசிப் பழகியவர்.

"மேடம், நேத்து கேட்டதையே கேக்கறேன். எல்லாரையும் கேட்டாச்சு. கடைக்காரர் தராசைக் காட்டறார், டாக்டர் உடம்பைக் காட்டறார், வீட்டம்மா உருளைக்கிழங்கைக் காட்டறா. என் சம்பாத்தியம், அவ சம்பாத்தியம் ரெண்டையும் நேத்தே உங்க ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன். அந்தச் சார்ட்டை வச்சு மூணு பேரும் சாப்பிட முடியுமா?"

"சீசன் காய்கறிகளா..." என்று மேடம் ஆரம்பித்தார். சொற்கள் தானாக வந்துவிட்டன. மேஜைமேல் இருந்த நூடுல்ஸ் கட்டியைப் பார்த்தார். நிறுத்தினார். உள் அறையில் இருமல் ஒரு சுற்று வந்து ஓய்ந்தது.

"முடியாதுண்ணா" என்றார்.

மெக்கானிக்கின் கட்டைவிரல் ரப்பரிலேயே நின்றது.

"மூணு பேருக்கு முடியாது. ஒருத்தர் சாப்பிடலாம், மத்த ரெண்டு பேர் விட்டுக்குடுத்தா. உங்க வீட்டுல அதான் நடக்குது. எங்க வீட்டுலயும் அதான். அந்தச் சார்ட் நான் எழுதினது இல்ல. எங்கேயோ அச்சடிச்சு வந்தது. அதைக் குடுத்து அனுப்பறதுதான் என் வேலை."

"அப்போ?"

"அதைக் கதவுலேருந்து கிழிச்சுடுங்க. பெர்ரி, அவகாடோ, பாதாம் எதுவும் வேண்டாம். அந்தக் காசுல வீட்டுல எல்லாருக்கும் முட்டை வாங்கலாம், பயறு வாங்கலாம். அன்னைக்கு எந்தக் கீரை மலிவோ அது. முட்டைக்கோஸ், கேரட். மீன்னா சின்ன மீன். வாரத்துக்கு ஒரு நாள் ஈரல் கிடைச்சா பொண்ணுக்கு முதல்ல வைங்க. சோறு மூணு தட்டுலயும் பாதியாகட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிக்க விடாதீங்க, இரும்புச்சத்து உடம்புல சேராது; எலுமிச்சை பிழிஞ்ச தண்ணி குடுங்க. ஒரே சட்டி போதும். அது ஆகும். அது உங்க சம்பாத்தியத்துல ஆகும், நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கே செய்யத் தோணாம இருந்திருக்கு, அது வேற கதை."

"என் சர்க்கரை?"

"இப்ப எறங்கற வேகத்துல எறங்காது. மெதுவாத்தான் எறங்கும். மாத்திரையை விடக்கூடாது, தினம் நடக்கணும், ஸ்கூட்டரைக் கொஞ்சம் தூரத்துல நிறுத்துங்க. டாக்டர் முதுகுல தட்ட மாட்டார். பரவாயில்லையா?"

"தட்டலன்னா போகட்டும்."

"பொண்ணை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. எவ்வளவு கம்மின்னு தெரியாம சாப்பாடு மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரையும் தேவைப்படலாம்."

மெக்கானிக் கடைசி மூலையை அழுத்தினார். கதவை மூடிப் பார்த்தார். கயிறு இல்லாமலே ஒட்டிக்கொண்டு நின்றது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, கருவிகளைப் பையில் போட்டார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கத் திரும்பினார்.

"வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்கண்ணா" என்றார் மேடம். "அவங்களை இதுவரைக்கும் யாரும் விரல்ல குத்திப் பாத்திருக்க மாட்டாங்க. அவங்களுக்கும் கம்மியாத்தான் இருக்கும்."